விலை தெரியாமல் நடும் நாற்று



சென்ற மாதம் பெங்களூரிலிருந்து ஒரு வாசகியின் கடிதம் வந்தது. கையெழுத்தில் நான்கு பக்கம். சொந்த ஊர் சித்தூர்ப் பக்கம். வேலை பார்ப்பது ஒரு மென்பொருள் நிறுவனத்தில். 11 பேர் இருந்த அவருடைய குழுவில் இப்போது 6 பேர்தான் மிச்சம். "காலையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து இந்த நாற்காலியில் நான் இருப்பேனா என்று தெரியவில்லை. நிலைக்குமா என்று தெரியாத ஒன்றுக்கு எப்படி மனசு வைத்து உழைப்பது? ஆறுதல் வேண்டாம், பதில் இருந்தால் எழுதுங்கள்" என்று முடித்திருந்தார்.

அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் சித்தூரிலிருந்து பெங்களூர் சாலையில் புறப்பட்டேன். மொகிலி கணவாய் ஏறி முடிந்ததும் காற்றில் குளிர்ச்சி தட்டும். கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேலே இருக்கும் பலமனேர் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆந்திராவின் ஓரத்து ஊர். ஒரு பக்கம் குடியாத்தம், இன்னொரு பக்கம் முல்பாகல். டீக்கடை பெஞ்சில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். சாலையின் இரு மருங்கிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டிய தக்காளித் தோட்டங்கள். அப்படி ஒரு தோட்டத்தின் வரப்பில் வண்டியை நிறுத்தினேன்.

தக்காளி விவசாயம் செய்கிறவர்களிடம் அந்த வாசகியின் கேள்வி புதிதல்ல. குழித்தட்டில் வளர்ந்த நாற்றை ஏறக்குறைய 25 நாள் வயதில் எடுத்து நடுகிறார்கள். முதல் பறிப்புக்கு அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். பிறகு சில நாட்களுக்கு ஒரு தடவை பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். குச்சி, கயிறு, சொட்டுநீர்க் குழாய், உரம், மருந்து, கூலி என்று ஏக்கருக்கு லட்ச ரூபாய்க்கு மேல் மண்ணில் இறங்கிவிடும். அத்தனையும் இறக்கும் நாளில், காய் மண்டிக்குப் போகும் நாளின் விலை எவருக்கும் தெரியாது.

2023-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். முந்தைய மாதங்களில் விலை கிடைக்காததால் பலர் நடவைக் குறைத்தார்கள். வெயிலும், வெள்ளை ஈ பரப்பிய இலைச்சுருள் நோயும், தொடர்ந்து வந்த மழையும் இருந்த பயிரையும் தின்றன. ஜூலைக் கடைசியில் மதனப்பள்ளி மண்டியில் முதல் ரகத் தக்காளி கிலோ 200 ரூபாயை நெருங்கியது. டெல்லியில் மலிவு விலைக்கு விற்பதற்காக மத்திய அரசே ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் மகாராஷ்டிராவிலும் தக்காளி வாங்கியது. அந்த விலையைப் பார்த்து ஊரெல்லாம் நட்டார்கள். செப்டம்பரில் ஒரே நேரத்தில் காய் வந்து குவிந்தபோது, சில சந்தைகளில் கிலோவுக்குப் பத்து ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. பறிகூலிக்குக் கட்டாது என்று சாலையோரம் கொட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. இரண்டே மாத இடைவெளியில் இவ்வளவு ஏற்றமும் இறக்கமும்.

நான் வண்டியை நிறுத்திய தோட்டத்தில் ஓர் அம்மா செடிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவர்களுக்கும் நஷ்டம்தான். "மறுபடியும் எந்த நம்பிக்கையில் அம்மா நட்டீங்க?" என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே பதில் சொன்னார்:

"ரேட்டு நம்ம கையில இல்ல சார். செடிக்கு ரேட்டு தெரியாது. இன்னைக்குக் கட்டலன்னா நாளைக்குச் சாஞ்சுடும். இந்த மூணு வரிசையை வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த 'மூணு வரிசை' என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பிக்கை வந்த பிறகு அவர் வேலையைத் தொடங்கவில்லை. வேலையைத் தொடங்கினார், அது முடிய முடிய மனம் நிமிர்ந்தது. ஊக்கம் எங்கிருந்தோ வந்து நம்மை எழுப்பும் என்று நாம் காத்திருக்கிறோம். அவருக்கோ அது கையிலிருந்து மனசுக்கு ஏறுகிறது.

இதை நான் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. சுமார் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்ற சிற்றூரில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அந்த ஊரை வாழவைத்த நூற்பாலை மூடப்பட்டது. ஆய்வாளர் மாரி யஹோதாவும் அவருடைய தோழர்களும் அங்கே போய், வேலை போன மனிதர்களின் நாட்களைக் கவனித்து 1933-இல் புத்தகமாக எழுதினார்கள். நாள் முழுக்க ஓய்வு இருந்தும், ஊர் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே தளர்ந்திருந்தது. பெண்களின் நடை மட்டும் அவ்வளவு தளரவில்லை. அடுப்பும் துணியும் பிள்ளைகளும் அவர்களை அடுத்த வேலைக்கு இழுத்துக்கொண்டே இருந்தன. அந்தச் சுமையை நான் கொண்டாடவில்லை. ஆனால் நாளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தால் அது மனிதரைத் தாங்கும் என்பதை அந்த ஊர் வலியோடு கற்றுக்கொடுத்தது. நாளைய நாள் தெரியாமல் போகும்போது நாம் முதலில் கைவிடுவது இன்றைய சின்னச் சின்ன வேலைகளை. கைவிடக் கூடாதவையும் அவைதான்.

அப்படிக் கைவிடாத இன்னோர் இடமும் பலமனேரில் உண்டு. ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆராய்ச்சி நிலையம். பக்கத்து ஊரான புங்கனூரின் பெயர் கொண்ட குட்டை மாடுகளை அங்கே காப்பாற்றி வருகிறார்கள். மனிதரின் இடுப்பு உயரம்கூட இல்லாத மாடு. காய்ந்த தீவனத்தைத் தின்று, கொழுப்பு மிகுந்த பாலைக் கொடுக்கும். அதிகப் பால் தரும் கலப்பினங்கள் வந்த பிறகு அதை வேண்டுவார் இல்லாமல் போய், இனமே அழியும் தறுவாய்க்கு வந்தது. ஒரு பசு சினைப்பட்டுக் கன்று போட ஒன்பது மாதத்துக்கு மேல். அந்தக் கன்று வளர்ந்து தாயாக இன்னும் சில ஆண்டுகள். ஒருவர் தம் பணிக்காலம் முழுவதையும் கொடுத்தாலும் பார்க்கக் கிடைப்பது சில தலைமுறை மாடுகளைத்தான். இனம் பிழைக்குமா என்று தெரியாமலே தினமும் காலையில் தீவனம் வைத்தார்கள், எடை பார்த்தார்கள், பதிவேட்டில் எழுதினார்கள். வீட்டுத் தொழுவங்களில் விடாமல் வளர்த்தவர்களும் இருந்தார்கள். 2013 இனவாரிக் கணக்கெடுப்பில் 3,000-க்கும் குறைவாக இருந்த புங்கனூர் மாடுகள், 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 13,000-ஐத் தாண்டின. பலன் வந்தபோது நாடே பார்த்தது. வராத ஆண்டுகளில் அந்தப் பதிவேடு மட்டும்தான் சாட்சி.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். உழைக்கிறவரின் மன உறுதியைப் பேசிவிட்டு, உழைப்பு வாங்குகிறவரின் கடமையைப் பேசாமல் விடுவது நியாயமாகாது. தக்காளிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. குளிர்பதனக் கிடங்கும், சாறு பிழியும் ஆலையும் அருகில் இருந்தால் அந்த அம்மாவின் துணிவுக்கு இத்தனை பெரிய சோதனை வேண்டியிருக்காது. அதைப்போலவே ஆட்களைக் குறைக்கப்போகிற நிர்வாகம் அதை முன்கூட்டி, முகம் பார்த்து, உண்மையாகச் சொல்ல வேண்டும். கெட்ட செய்தியை மனிதர்கள் தாங்குவார்கள். செய்தியே இல்லாத மௌனம்தான் ஆளை அரிக்கிறது. உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தால், தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் இந்த வாரமே அவர்களிடம் சொல்லுங்கள்.

நம் இதழுக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்கில், இதழ் அச்சேறவில்லை. எப்போது ஏறும் என்றும் தெரியவில்லை. நம் மெய்ப்புத் திருத்துபவர் தினமும் மாலை 5 மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார். "மூன்றாம் பக்கத்தில் ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிடட்டுமா?" என்பார். யார் கண்ணிலும் படாமலே போகக்கூடிய பக்கத்துக்கு அவர் ஒற்று போட்டுக்கொண்டிருந்தார். அந்த அழைப்புக்காகவே நானும் மறுநாள் ஒரு பக்கத்தை முடித்து வைத்தேன். அச்சு மறுபடி தொடங்கிய அன்று, ஓர் இதழ் முழுதாகத் தயாராக இருந்தது.

கடிதம் எழுதிய வாசகிக்கும், அவரைப் போலவே எழுத நினைத்து எழுதாமல் விட்ட பலருக்கும், பலமனேரிலிருந்து நான் கொண்டுவந்த பதில் இவ்வளவுதான். காலையில் உட்கார்ந்ததும் இன்றைக்கு எந்த மூன்று வரிசை என்று முடிவு செய்யுங்கள். நண்பகலுக்குள் முடியக்கூடியதாக அது இருக்கட்டும். மண்டி விலையை மணிக்கொரு தடவை கேட்டால் கயிறு கட்ட முடியாது. ஆட்குறைப்புச் செய்திகளுக்கு நாளில் ஒரு நேரம் போதும். அனுபவம் உள்ள விவசாயி எல்லா நிலத்திலும் ஒரே நாளில் நட மாட்டார், பிரித்துப் பிரித்து நடுவார். நீங்களும் வாரத்தில் சில மணி நேரத்தை இன்னொரு திறமைக்கு ஒதுக்குங்கள். மாலையில் உங்களுக்கென்று ஒரு 5 மணி அழைப்பு இருக்கட்டும். மிஞ்சிய ஆறு பேரில் ஒருவராவது அதற்காகக் காத்திருப்பார். விட்டுப்போன ஐந்து பேரில் ஒருவரும் காத்திருக்கலாம்.

அந்த நாற்காலி மூன்று மாதம் கழித்து உங்களுடையதாக இருக்குமா என்று எனக்கும் தெரியாது. ஆனால் இன்று ஒழுங்காகச் செய்த வேலையில் கற்றது உங்களோடு எழுந்து வரும். அது நாற்காலியோடு போகாது.

இந்த மாதம் நீங்கள் கட்டி முடித்த 'மூன்று வரிசை' எது என்று எனக்கு எழுதுங்கள். சின்ன வேலைதானே என்று தயங்க வேண்டாம். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்