கண்ணாடி ரூமுக்கு ஒரு இன்ச் போதும்

இங்கிலாந்துல வீட்டுக்குப் பின்னாடி ஒட்டிக் கட்டுவாங்களே கன்சர்வேட்டரி, வெயில்ல அடுப்பு, குளிர்ல ஃபிரிட்ஜ்! முட்டி உயரத்துக்குச் செங்கல் சுவர், அதுக்கு மேல எல்லாம் கண்ணாடி. வீட்ல இடம் பத்தலைன்னா பசங்க படிக்க இதைத்தான் ஒதுக்குறோம். சரி, சுவருக்கு இன்சுலேஷன் போடலாம்னா, "100 மி.மீ. பஞ்சு வைங்க, இல்லாட்டி வேஸ்ட்"ங்கிறாங்க. எட்டடி அகல ரூம்ல ரெண்டு பக்கமும் சேர்த்து எட்டு இன்ச் போச்சுன்னா, மேசையை எங்கே போடுறதாம்?

என் கட்சி, முதல் இன்ச்தான் முக்கியம். கணக்கைப் பாருங்க. நடுவுல வெறும் காத்து இடைவெளி விட்டுக் கட்டின சுவரோட யூ வேல்யூ சுமார் 1.5. (குறையக் குறைய நல்லது.) 25 மி.மீ. பிஐஆர் பலகை வச்சா சுமார் 0.55 ஆயிடும். 50 வச்சா 0.34 கிட்ட வரும். முதல் இன்ச் பெரிய வேலையை முடிச்சிடுது, அடுத்த இன்ச் மிச்சம் மீதியைத்தான் பிடிக்குது. இடமில்லாதவன் அதுக்காக ஏன் அழணும்? அதுக்கு மேல 12.5 மி.மீ. பிளாஸ்டர்போர்டு கட்டாயம், பிஐஆர் தீப்பிடிக்கிற சரக்கு. மொத்தமே ஒன்றரை இன்ச்தான்.

சீப்பா விக்கிற ஃபாயில் சுருளை நம்பாதீங்க. முன்னாடி காத்து இடைவெளி இருந்தாத்தான் அது வேலை செய்யும். சுவரோட அழுத்தி ஒட்டி மேல பூசினா காசுக்குக் கேடு. ஏரோஜெல் நிஜமாவே நல்லது, விலைதான் யானை விலை. கதவு நிலை ஓரம் மாதிரி ஒரு இன்ச்கூட இல்லாத இடத்துக்கு மட்டும் வாங்கலாம்.

மி.மீ.க்குச் சண்டை போடறவங்க இடுக்கை மறந்துடறாங்க. பலகை சேர்ற இடமெல்லாம் அலுமினிய டேப் ஒட்டணும். இல்லைன்னா ரூமோட ஈரக்காத்து பின்னாடி போய், குளிர்ந்த செங்கல்ல பட்டுத் தண்ணியாகும். அப்புறம் பூஞ்சைதான். சுவர்ல ஏற்கெனவே ஓதம் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. பூஞ்சை ரூம்ல பிள்ளையை உக்கார வைக்கறதுக்குக் குளிர் ரூமே தேவலை.

இன்னொண்ணு, சூடு பெரும்பாலும் கூரை வழியாவும் கண்ணாடி வழியாவும்தான் போகுது. சுவரை மட்டும் பண்ணிட்டு, வீட்டுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிற கதவைக் கழட்டிடாதீங்க. விதிகள்ல கன்சர்வேட்டரிக்குக் கிடைக்கிற விலக்கும் போயிடும், வீட்டுச் சூடும் போயிடும்.

ஒரு இன்ச் பலகை, ஒழுங்கா ஒட்டின டேப், மூடின கதவு. சின்ன ரூமுக்கு இவ்ளோதாங்க :-)