ஜூலையில் ஒரு ஜம்ப் ஷாட்!

ஜூன் மாதம் ஃபைனல்ஸ் முடிந்துவிடும். கோப்பை ஜெயித்தவர்கள் திறந்த வண்டியில் ஊர்வலம் போய்க் கையசைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த சீஸன் அக்டோபரில்தான். நடுவில் என்.பி.ஏ. ரசிகனுக்கு என்ன வேலை? 'குப்புறப் படுத்துத் தூங்கலாம்'னு நினைத்தால், ஸாரி பாஸ்... பாதி மேட்ச் அப்போதுதான் ஆரம்பம்! பந்து கிடையாது, ரெஃப்ரி கிடையாது. ஒரு பேனா, ஒரு பேப்பர், கோடிக்கணக்கில் டாலர். அவ்வளவுதான் மேட்டர்.

காண்ட்ராக்ட் முடிந்த வீரருக்கு 'ஃப்ரீ ஏஜென்ட்' என்று பெயர். எந்த டீமோடு வேண்டுமானாலும் பேசலாம், எங்கே பிடிக்கிறதோ அங்கே கையெழுத்துப் போடலாம். நம்ம ஐ.பி.எல். ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் வீரரின் பெயரை வாசிப்பார்கள், டீம்கள் கையைத் தூக்கும், எந்த ஊர் என்பதில் அவருக்கு வாய்ஸே கிடையாது. இங்கே அப்படியே தலைகீழ். டீம் ஓனர்கள் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு வீரரின் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஏறக்குறைய பெண் பார்க்கும் படலம். பஜ்ஜி, சொஜ்ஜிதான் மிஸ்ஸிங்!

இந்தப் படலத்தில் ஆல் டைம் சூப்பர் ஹிட் என்றால் 2010 ஜூலைதான்.

அந்த வருஷம் லெப்ரான் ஜேம்ஸ், டுவேன் வேட், கிறிஸ் பாஷ் என்று மூன்று பெரிய தலைகள் ஒரே நேரத்தில் மார்க்கெட்டுக்கு வந்தார்கள். மூவருமே 2003 பேட்ச். காலேஜில் 'செட்டு' என்போமே, அந்த மாதிரி. லெப்ரான் ஏழு வருஷமாக கிளீவ்லாண்ட் கேவலியர்ஸின் செல்லப்பிள்ளை. பிறந்து வளர்ந்த ஆக்ரன், கிளீவ்லாண்டுக்குப் பக்கத்து ஊர். அந்த சீஸனில் மட்டும் கிளீவ்லாண்ட் 82 மேட்சில் 61 ஜெயித்திருந்தது. ஆனால் கோப்பை? ம்ஹூம்.

ஜூலை 8 ராத்திரி, இ.எஸ்.பி.என். சேனலில் தன் முடிவை அறிவிக்கவென்றே தனி நிகழ்ச்சி வைத்தார் லெப்ரான். அதற்கு 'தி டிசிஷன்' என்று டைட்டில் வேறு. ஏறக்குறைய ஒரு கோடி பேர் டி.வி. முன்னால். பேட்டி எடுத்தவர் அரை மணி நேரம் போல ஜவ்வாக இழுத்துக் கடைசியில் கேட்க, தன் திறமையை மியாமியின் சவுத் பீச்சுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார் மனிதர். மியாமியில் திருவிழா. கிளீவ்லாண்டில் அவர் பெயர் போட்ட 23-ம் நம்பர் ஜெர்ஸிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். டீம் ஓனர் டான் கில்பர்ட் அன்று ராத்திரியே காரசாரமாக ஒரு லெட்டர் எழுதி டீமின் வெப்சைட்டில் போட்டார். துரோகம், கோழைத்தனம் என்று வறுத்தெடுத்துவிட்டு, லெப்ரானுக்கு முன்னால் கிளீவ்லாண்ட் கோப்பை ஜெயிக்கும் என்று சபதம் வேறு. அத்தனை கோபத்தையும் எந்த ஃபான்ட்டில் டைப் அடித்திருந்தார் தெரியுமா? ஃப்ரெஷர்ஸ் டே இன்விடேஷனுக்குப் போடுவோமே, அதே காமிக் ஸான்ஸ்!

டி.வி. டிராமா கிடக்கட்டும். அதைவிட சுவாரஸ்யமான கணக்கு ஒன்று மியாமி ஆபீஸுக்குள் நடந்தது. ஏன் என்றால், காசு இருக்கிறது என்பதற்காக யாரை வேண்டுமானாலும் வாங்கிக் குவிக்க முடியாது. ஒரு டீம் மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. அதுதான் 'சாலரி கேப்'. 1984-85-ல் வந்தபோது அது வெறும் 36 லட்சம் டாலர். 2010-11-ல் சுமார் 5 கோடியே 80 லட்சம். சொந்த வீரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம், அடிமட்டச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கத் தாண்டலாம் என்று அதில் ஏகப்பட்ட சந்துபொந்து உண்டு. ஆனால் வெளியிலிருந்து ஒரு ஸ்டாரைக் கொண்டுவர வேண்டுமா? முதலில் வீட்டைக் காலி பண்ணு!

மியாமியின் தலைவர் பாட் ரைலி அதைத்தான் செய்தார். 2008 டிராஃப்டில், அதாவது புதுமுகத் தேர்வில், இரண்டாவது ஆளாக ஆசை ஆசையாக எடுத்த மைக்கேல் பீஸ்லியை மின்னசோட்டாவுக்குத் தள்ளிவிட்டார். பதிலுக்கு வாங்கியது பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டாம் ரவுண்டு வாய்ப்புகள்தான். வேண்டியிருந்தது ஆள் இல்லை, காலியிடம். கடைசியில் மூன்று ஸ்டார்களுமே கேட்டு வாங்கியிருக்கக்கூடிய தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். முதல் வருஷம் மூவருக்கும் சேர்த்து 4 கோடியே 30 லட்சம் டாலர் சொச்சம். மீதி ஒன்றரை கோடிக்குள் பத்துப் பேருக்கு மேல் பார்த்தாக வேண்டும். ஹாஸ்டல் மெஸ் செகரட்டரிகளுக்கு இந்தத் தலைவலி புரியும்.

இந்த இடத்தில் யுடோனிஸ் ஹாஸ்லெம் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். மியாமியில் பிறந்த லோக்கல் பையன். டிராஃப்டில் எந்த டீமும் எடுக்காததால் ஃபிரான்ஸுக்குப் போய் ஆடிவிட்டு வந்தவர். அவரும் அதே கோடையில் ஃப்ரீ ஏஜென்ட். வேறு டீம்கள் கூடுதல் காசோடு ரெடியாக இருந்தும், ஐந்து வருஷத்துக்கு 2 கோடி டாலர் என்று குறைந்த தொகைக்கே மியாமியில் தங்கிவிட்டார். 2023-ல் ரிட்டயர் ஆகும்வரை, இருபது சீஸனும் அதே டீம்தான். மூன்று ஸ்டார்களின் போஸ்டர்தான் எல்லார் ரூமிலும் ஒட்டியிருந்தது. என் ஓட்டு இவருக்கு.

ரிசல்ட்? மியாமி தொடர்ந்து நான்கு வருஷம் ஃபைனல்ஸ். 2011-ல் டல்லாஸிடம் வழுக்கி விழுந்து, 2012, 2013-ல் கோப்பை. கிளீவ்லாண்ட் கதையைக் கேட்டால் கண்ணீர் வரும். 61 வெற்றியிலிருந்து அடுத்த சீஸனே 19 வெற்றி! நடுவில் தொடர்ச்சியாக 26 தோல்வி. கிட்டத்தட்ட டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை ஜெயிப்பது எப்படி என்பதே மறந்துபோன நிலைமை. ஒரே ஒரு ஆள் போனதற்கு இத்தனை அடி. (நியூயார்க் நிக்ஸ் பாவம், லெப்ரானுக்காக இரண்டு வருஷம் வீட்டைக் காலி பண்ணி, கோலம் போட்டுக் காத்திருந்தது. வந்து சேர்ந்தது அமாரே ஸ்டூடமையர்.)

சரி, ஜெர்ஸியைக் கொளுத்தினார்களே... காண்ட்ராக்டை முழுசாக முடித்துக் கொடுத்துவிட்டுப் போனவர் எப்படித் துரோகி?

இதற்குப் பதில் வேண்டுமென்றால் நாற்பது வருஷம் பின்னால் போக வேண்டும். அப்போதெல்லாம் காண்ட்ராக்ட் முடிந்தாலும் வீரர் அதே டீமின் சொத்துதான். டீம் பார்த்து விற்றால் போகலாம், துரத்தினால் போகலாம். தானாகக் கிளம்ப முடியாது. கொத்தடிமை என்று சொன்னால் கொஞ்சம் ஓவர், ஆனால் வாசல் கதவின் சாவி மட்டும் ஓனர் பாக்கெட்டில். 1970-ல் இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனார் ஆஸ்கர் ராபர்ட்சன். இது பாஸ்கெட்பால் கோர்ட் இல்லை, நிஜக் கோர்ட்! 1961-62-ல் ஒரு சீஸன் முழுக்க சராசரியாகவே பாயின்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம் காட்டிய ஜாம்பவான், வீரர்கள் சங்கத்தின் தலைவர். கேஸ் போட்ட அதே மாதம் அவர் ஆடிய சின்சினாட்டி டீம் அவரை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டது. அங்கே போய் 1971-ல் கோப்பை ஜெயித்தார், அது வேறு கதை.

கேஸ் ஆறு வருஷம் நடந்தது. 1976-ல் சமரசம் ஆகி, வீரர்களைக் கட்டிப்போட்ட கயிறு அவிழ ஆரம்பித்தபோது ஆஸ்கர் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாங்கிக் கொடுத்தவருக்கு அதை ஒரு நாள்கூட அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. அதற்கப்புறமும் முழு விடுதலைக்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் பழைய டீமின் தடை எதுவும் இல்லாமல் முதன்முதலில் இடம் மாறியவர் டாம் சேம்பர்ஸ். சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸ் சன்ஸ் போனார். முந்தைய சீஸனில் 28 மேட்ச் ஜெயித்த ஃபீனிக்ஸ், அவர் வந்த சீஸனில் 55 ஜெயித்தது. புது கோச், வளரும் இளம் வீரர்கள் என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆனாலும் மற்ற ஓனர்களுக்கு அன்றைக்கு மண்டையில் பல்பு எரிந்திருக்குமா, இல்லையா?

அதற்காக வீரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சர்டிஃபிகேட் கொடுக்க நான் தயாரில்லை. 2015 ஜூலையில் டிஆண்ட்ரே ஜோர்டன் அடித்த கூத்தைப் பாருங்கள். டல்லாஸ் டீமுக்கு வருகிறேன் என்று வாயால் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் பேச்சு முடிந்தாலும் கையெழுத்துப் போட சில நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியில் மனசு மாறிவிட்டது. விஷயம் கசிந்ததும் பழைய டீமான கிளிப்பர்ஸின் கோச், வீரர்கள் என்று ஒரு பட்டாளமே ஹூஸ்டனில் இருந்த அவர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. சக வீரர் பிளேக் கிரிஃபின், கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்த படம் ஒன்றை ட்விட்டரில் போட்டுக் கலாய்த்தார். ராத்திரி 12 மணி தாண்டியதும் கிளிப்பர்ஸ் பேப்பரில் கையெழுத்து! அத்தனை நாள் அவரை நம்பி உட்கார்ந்திருந்த டல்லாஸ் அம்போ. இது விதிப்படி தப்பில்லை. ஆனால் ஒரு போன் பண்ணி 'ஸாரி சார், வரலை'னு சொல்லியிருக்கலாம். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கம்பெனிக்குத் தலையாட்டிவிட்டு வேறு கம்பெனியில் ஜாயின் பண்ணுகிற மக்கள் இந்தப் பாராவை இன்னொரு தடவை படிக்கவும்!

ஆனால் தராசின் மறுதட்டில் ஐசயா தாமஸ் இருக்கிறார்.

உயரம் 5 அடி 9 அங்குலம். என்.பி.ஏ. கணக்கில் இது குள்ளத்திலும் குள்ளம். 2011 டிராஃப்டில் 60 பேரில் அறுபதாவது ஆள், அதாவது கடைசி பெஞ்ச்சின் கடைசி ஓரம். பாஸ்டன் செல்டிக்ஸுக்கு வந்து, 2016-17 சீஸனில் மேட்சுக்கு 28.9 பாயின்ட் அடித்தார். பாஸ்டன் கிழக்குப் பிரிவில் முதலிடம். நட்சத்திரங்கள் வாங்குவதில் கால்வாசிகூட வராத பழைய காண்ட்ராக்டில்தான் அவ்வளவும் ஆடினார். அது முடியட்டும், பெரிய காண்ட்ராக்ட் வாங்கலாம் என்று காத்திருந்தார்.

2017 ஏப்ரலில், பிளே-ஆஃப் ஆரம்பிப்பதற்கு முதல் நாள், அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்துபோனார். மறுநாள் மேட்சுக்கு வந்தார் ஐசயா. பெஞ்ச்சில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து போய் 33 பாயின்ட் அடித்தார். அடுத்த சுற்றில், தங்கையின் பிறந்தநாளன்று 53 பாயின்ட். இடுப்புக் காயத்தோடு ஆடி, அது முற்றிப்போய், கடைசியில் நிற்கவே முடியாத கட்டம் வந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

ஆகஸ்ட்டில் பாஸ்டன் அவரை கிளீவ்லாண்டுக்கு டிரேட் செய்துவிட்டது. பதிலுக்கு வந்தவர் கைரி இர்விங்.

பாஸ்டன் செய்தது விதிப்படி தப்பில்லை. கூடைப்பந்து கணக்கில் புத்திசாலித்தனம் என்றுகூடச் சொன்னார்கள். எந்த மேனேஜரின் கோட்டையும் யாரும் தெருவில் போட்டுக் கொளுத்தவில்லை. இடுப்புக் காயத்தால் ஐசயாவின் பழைய வேகம் திரும்பவே இல்லை. 2018 பிப்ரவரியில் கிளீவ்லாண்டும் அவரை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பியது. அந்த ஜூலையில், அவ்வளவு காலம் காத்திருந்த ஃப்ரீ ஏஜென்ஸி ஒருவழியாக வந்தபோது, டென்வர் கொடுத்தது ஒரே ஒரு வருஷம், அடிமட்டச் சம்பளம்.

லெப்ரான்? 2014-ல் கிளீவ்லாண்டுக்கே திரும்பி வந்தார். அந்த காமிக் ஸான்ஸ் லெட்டர் அதுவரை வெப்சைட்டிலேயே கிடந்தது. மனிதர் வரலாம் என்று பேச்சு அடிபட்டதும் நைஸாகத் தூக்கிவிட்டார்கள். 2016-ல் 1-3 என்று பின்தங்கிய ஃபைனல்ஸைத் திருப்பி கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். பெரிய விளையாட்டுகள் எதிலும் 52 வருஷமாகப் பட்டம் பார்க்காத ஊர் அது. ஜெர்ஸி வியாபாரம் மறுபடி ஜோர்.

கைரி இர்விங் 2018 அக்டோபரில் பாஸ்டன் ரசிகர்கள் முன்னால் மைக்கைப் பிடித்து, நீங்கள் விரும்பினால் நான் இங்கேயே தொடர்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அரங்கமே எழுந்து நின்று கத்தியது. அடுத்த ஜூலையில் புரூக்ளின் நெட்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு பாஸ்டனில் எத்தனை பேர் ஐசயாவை நினைத்துக்கொண்டார்களோ!