கோடி போகும்போது மீனை விட்டுவிடுங்கள்



நம் பிள்ளைகள் சிலர் ரீல் தூண்டிலும் பிளாஸ்டிக் தவளையுமாக ஏரி ஏரியாகப் போய் வீடியோ எடுத்து அனுப்புகிறீர்கள். வீசுகிற லாவகம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். தவளை விழுகிற இடத்தில் தண்ணீர்மேல் செம்மஞ்சளாய் ஒரு கூட்டம் கொப்பளிக்கிறதே, அது என்னவென்று தெரியுமா? விரால் குஞ்சுகள். நீங்கள் தூக்குவது அவற்றுக்குக் காவல் நிற்கும் தாயை அல்லது தகப்பனை.

அந்த நேரத்தில் விரால் பசிக்காகத்தான் கவ்வுகிறது என்று நினைக்காதீர்கள். குஞ்சுகளை நெருங்குகிற எதையும் அது பாய்ந்து விரட்டும். காவல் போய்விட்டால் மற்ற மீன்களும் நீர்க்காகமும் குஞ்சுகளைத் தின்றுவிடும். ஒரு வேளைக் குழம்புக்காக அடுத்த வருஷத்து மீனையே கொடுக்கிறோம். இதைத் திறமை என்று என்னால் பாராட்ட முடியாது.

நான் தூண்டிலுக்கு விரோதி அல்ல. மண்டகப்பட்டில் பிறந்துவிட்டு தூண்டில் பிடிக்காமல் இருக்க முடியுமா? மாசி, பங்குனியில் ஏரி வற்றி மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது தாராளமாகப் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் கொக்கு தின்னும், இல்லையென்றால் வெயிலில் காயும். அப்போதும் மடுவைத் துடைத்தெடுக்க வேண்டாம். விரால் காற்றையும் சுவாசிக்கும், ஈரச் சேற்றுக்குள் பதுங்கியும் உயிர் பிழைக்கும். அப்படி மிஞ்சுகிற நாலைந்துதான் ஏரிக்கு விதை.

பருவம் பார்த்துப் பிடிப்பது வெள்ளைக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் பழுப்பு டிரவுட் மீன் இலையுதிர் காலக் கடைசியிலும் குளிர்காலத்திலும் முட்டையிடும். அதனால் அதற்கு முன்பே தூண்டிலை நிறுத்திவிடுவார்கள். கிரேலிங் என்ற மீன் வசந்த காலத்தில் முட்டையிடுவது. ஆகவே பருவக் கடைசியில் ஆற்றுக்குப் போகிறவர்கள் டிரவுட்டை விட்டுவிட்டு கிரேலிங்கைத் தேடுவார்கள். டிரவுட்டை நம் நீலகிரிக்கும் கொண்டுவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் முயற்சியில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. வந்த மீனுக்கு அத்தனை கவனிப்பு. சொந்த ஊர் விராலுக்கு ஒன்றும் இல்லை.

நாம் செய்வது நேர் தலைகீழ். முதல் மழையில் புதுவெள்ளம் வந்ததும் மீன் எதிர்நீச்சல் போட்டு ஓடையிலும் வாய்க்காலிலும் ஏறுகிறது. வயிறு நிறைய முட்டை. ஏரி கோடி போகிறது என்று கேட்டதும் ஊரே பறியும் கொசுவலையுமாகக் கிளம்புகிறது. கொசுவலையில் தப்புகிற குஞ்சு ஏது? (பேட்டரி கரண்ட் விடுகிறவர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அது மீன்பிடிப்பே இல்லை.)

கடலுக்கு இந்த ஒழுங்கு வந்துவிட்டது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போவதில்லை. அதுவும் அவர்களின் பிழைப்பு. நமக்கோ பெரும்பாலும் பொழுதுபோக்கு. தண்ணீரில் வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். முட்டை மீனை விடுவதற்கு மட்டும் நம் பக்கத்து ஏரிகளில் ஒரு வழக்கமும் இல்லை.

“குத்தகைக்காரர் வலை போடுகிறாரே சார், நான் ஒரு தூண்டில் போட்டால் என்ன?” என்று கேட்பீர்கள். குத்தகைக்காரர் பிடிப்பது பெரும்பாலும் அவர் காசு கொடுத்து வாங்கி விட்ட கட்லா, ரோகு, மிர்கால். விராலையும் கெளுத்தியையும் குரவையையும் யாரும் வாங்கி விடுவதில்லை. அவை தாமாக வந்தால்தான் உண்டு. சங்கராபரணி ஆற்றில் தண்ணீர் ஓடுகிற சில வாரங்கள்தான் அவற்றுக்கு வழி.

ஐப்பசி பிறக்கும் முன்பே கோடியில் பறி வைக்கிற நம் தெரு ஆட்களிடம் பேசப் போகிறேன். மழை தொடங்கி முதல் ஒரு மாதம் மட்டும் வழி விடச் சொல்லிக் கேட்கிறேன். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள் கூட வாருங்கள். நான் தனியாகப் போனால் “வாத்தியாருக்கு வேலை இல்லை” என்பார்கள்.