எட்டாம் வகுப்பு மொழிபெயர்ப்பாளர்

மொழிபெயர்ப்பைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. தல்ஸ்தோயை ரஷ்ய மூலத்திலிருந்துதான் பெயர்க்க வேண்டுமா, ஆங்கிலம் வழியாக வந்தால் ஆகாதா என்று விடிய விடியச் சண்டையிட்டிருக்கிறோம், நானும்தான். தேனி மாவட்டத்துப் பள்ளியொன்றில் சென்ற ஆண்டு நான் கண்ட மொழிபெயர்ப்பு வேறு வகை.

நூற்பாலை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். இரண்டாம் வகுப்புப் பையனைப் பற்றிப் பேசத் தாயை அழைத்திருந்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்க, மூத்த மகள் வரவழைக்கப்பட்டாள். பையனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள் என்று ஆசிரியை விரிவாகச் சொன்னார். சிறுமி அதை நாலைந்து சொற்களில் முடித்துவிட்டாள். தாய் தலையாட்டினார். அந்தச் சொற்கள் எவை என்பது அங்கிருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. "மாசத்துல ரெண்டு மூணு தடவை இவளைத்தான் கூப்பிடுவோம் சார், கெட்டிக்காரப் பிள்ளை" என்றார் ஆசிரியை. குறை அவருடையதன்று.

இதற்குச் செலவே இல்லை என்று நினைக்கிறோம். செலவு உண்டு. அது அச்சிறுமியின் கணக்குப் பாடத்திலிருந்து கழிக்கப்படுகிறது. எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். மொழி புரியாத தாய் அக்குழுவில் அமர்ந்து கைநாட்டு வைப்பதைத் தவிர வேறென்ன செய்ய இயலும்?

வந்தவர்கள் தமிழ் கற்றுக்கொள்ளட்டுமே என்பார்கள். பிள்ளைகள் கற்றுவிடுவார்கள். இரவுப் பணி பார்க்கும் தாய் எப்போது கற்பார்? கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுவோர் இன்று நம்மைப் போலவே தமிழ் பேசுகிறார்கள்; அது தலைமுறைகளின் வேலை. மலைக்கு அந்தப் பக்கமும் பாருங்கள். 1956இல் பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தோடு நின்றுபோனதை இன்றும் சொல்லி மாய்கிறோம். அங்குள்ள தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று கேரளம் 1969இல் சட்டம் செய்தது. அது ஒழுங்காக நடைமுறையில் இல்லையென்று நாம் கோபிப்பதும் சரியே. குமுளியில் கேட்கும் உரிமையை ஆண்டிபட்டியில் மறுப்பது எந்த ஊர் நியாயம்?

இதற்குப் பெரிய கஜானா வேண்டாம். தாய்மொழி எது என்னும் கட்டம் மாணவர் விவரப் படிவத்தில் ஏற்கெனவே இருக்கிறது. விசாரிக்காமலே 'தமிழ்' என்று நிரப்பாதிருந்தால் போதும். ஜூன் மாதத்திலேயே ஒன்றிய அளவில் எண்ணிவிடலாம். ஒரு பள்ளியில் மூன்று வீடு, அடுத்ததில் இரண்டு வீடு என்றிருக்கும். ஆகவே பத்துப் பள்ளிகளுக்கு ஒருவர் போதும். அமர்வுக்கு 500 ரூபாய், பள்ளிக்கு ஆண்டில் பத்து அமர்வு என்றால் 5,000. தொலைபேசிக்கு இன்னும் 2,000. பத்துப் பள்ளிகளுக்கும் சேர்த்து 70,000. பட்டதாரிதான் வேண்டுமென்பதில்லை. பல ஆண்டுகளாக இங்கேயே வாழும் ஒடியாப் பெண் ஒருவர் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார். மில் மேற்பார்வையாளரை மட்டும் அழைக்கக் கூடாது. அவர் முன்னிலையில் எந்தத் தாய் வாய் திறப்பார்? எர்ணாகுளத்தில் 2017இல் தொடங்கிய ரோஷ்னி திட்டம் பிள்ளைகளின் மொழி அறிந்தவர்களை வகுப்பறைக்குள்ளேயே கொண்டுவந்தது. நாம் கேட்பது அதிலும் சிறியது.

பையனின் காதை மருத்துவரிடம் காட்டினார்களா என்று சில வாரம் கழித்து விசாரித்தேன். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்போம் சார் என்றார்கள்.