வாகன நிறுத்தத்தில் ஓர் இரவு: விருந்தோம்பலா, வியாபாரமா?

அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு நம்மவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஒரு பத்தி தவறாமல் இடம்பெறுகிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் கொண்ட ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இருட்டியதும் ஏதேனும் ஒரு பெருங்கடையின் வாகன நிறுத்தத்தில் ஒதுங்குகிறார்கள். காலணா செலவில்லாமல் உறங்கி எழுகிறார்கள். பிறகு 'இதுவல்லவோ விருந்தோம்பல்' என்று வியந்து முடிக்கிறார்கள். நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், நம் ஊரில் ராணி மங்கம்மாள் வழிநெடுகச் சத்திரம் கட்டியதைப் போல இங்கே சாம் வால்டன் கட்டியிருக்கிறார் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையல்ல என்பது என் தரப்பு.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். வால்டனின் முதல் வால்மார்ட் கடை 1962இல் ஆர்கன்சா மாநிலத்து ரோஜர்ஸ் என்ற ஊரில் திறக்கப்பட்டது. கட்டணம் வாங்கும் முகாம்களின் பெருஞ்சங்கிலியான கே.ஓ.ஏ.யும் அதே ஆண்டில்தான் மொன்டானாவின் பில்லிங்ஸில் தொடங்கியது. இன்று ஒரு தனியார் முகாமில் மின்சாரமும் தண்ணீரும் கூடிய ஓர் இடத்துக்கு இரவொன்றுக்கு ஐம்பது, அறுபது டாலர் கேட்பது சாதாரணம். வால்மார்ட்டோ இடம் இருந்து, ஊர்ச் சட்டமும் இடம்கொடுத்தால், அந்தந்தக் கடை மேலாளரின் விருப்பப்படி ஆர்.வி.க்களை இலவசமாகத் தங்க விடுகிறது. கிராக்கர் பாரல் உணவகங்கள் பலவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. தங்குபவர்களுக்கு எழுதப்படாத சில விதிகளும் உண்டு: உள்ளே போய் அனுமதி கேள், ஓரிரவுக்கு மேல் தங்காதே, பக்கவாட்டு அறையை வெளியே நீட்டாதே, நாற்காலி போட்டு அடுப்பு மூட்டாதே, கடையில் ஏதாவது வாங்கு, குப்பை போடாதே.

'ஏதாவது வாங்கு' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆர்.வி.யில் வருபவர்கள் தன் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களில் அடக்கம் என்று அந்நிறுவனமே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறது. ராண்ட் மக்னாலியின் சாலை வரைபட நூலுக்கு, கடைகளின் இருப்பிடங்களையெல்லாம் பட்டியலிட்டு, வால்மார்ட் பதிப்பே வெளிவந்தது. இதில் எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. வியாபாரி வியாபாரம் செய்கிறார். இரவில் தங்குபவர் பாலும் ரொட்டியும் டீசலும் வாங்குவார் என்ற அவர் கணக்கு சரியான கணக்குதான். அந்தக் கணக்குக்கு விருந்தோம்பல் என்று பெயர் சூட்டும்போதுதான் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. விருந்தாளியின் பணப்பையை எடைபோட்ட பிறகு விரிக்கப்படும் பாயை நம் மொழியில் யாரும் விருந்தோம்பல் என்று சொல்வதில்லை.

அடுத்து, அந்த வெட்டவெளி எப்படி வந்தது என்று பார்க்கலாம். அதைக் கடைக்காரரின் தாராள மனம் மட்டும் உண்டாக்கவில்லை. கடை கட்டினால் இத்தனை வண்டிகளுக்கு இடம் விட்டே தீரவேண்டும் என்று அமெரிக்க நகரங்கள் பல பத்தாண்டுகளாகச் சட்டம் போட்டு வைத்திருந்தன. ஆயிரம் சதுர அடிக் கடைக்கு நான்கு அல்லது ஐந்து வண்டிகள் என்பது பரவலான அளவு. வண்டி நுழைந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் ஒரு வண்டிக்குச் சுமார் 300 சதுர அடி ஆகும். கடையைவிட நிறுத்தம் பெரிதாகிவிடுகிறது. பண்டிகைக்கால நெரிசலை மனதில் வைத்து அளந்த இடம், ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் வெறிச்சோடிக் கிடக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005இல் வெளியிட்ட தடித்த நூலில், இலவச நிறுத்தம் என்று ஒன்று கிடையாது என்பதை விரிவாக நிறுவினார். அதன் செலவு கடையில் விற்கும் ஒவ்வொரு பொருளின் விலையிலும் ஒளிந்திருக்கிறது. காரே இல்லாமல் நடந்து வந்து சோப்பு வாங்கும் கிழவியும் அதற்குப் பங்கு செலுத்துகிறாள். 2017இல் பஃபலோ நகரம் இந்தக் கட்டாயத்தையே நீக்கியது. வேறு நகரங்களும் அவ்வழியில் போகின்றன. ஆக, ஊர்ச்சட்டம் உண்டாக்கி எல்லோருமாகப் பணம் கட்டிய வெற்றிடம் இது. அதில் இரவில் யார் கண்மூடலாம் என்பதை மட்டும் மேலாளர் ஒருவர் தீர்மானிக்கிறார்.

அவர் எப்படித் தீர்மானிக்கிறார் என்பதை ஒருமுறை நேரில் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன், யூட்டாவின் சிற்றூர் ஒன்றில் இருந்த பெரிய கடை அது, பெயர் வேண்டாம். தேசியப் பூங்காவின் முகாம்கள் நிறைந்துவிட்டதால் அங்கே போய்ச் சேர்ந்தோம். உள்ளே கேட்டோம். கோடியில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சிரித்த முகத்துடன் சொன்னார்கள். எங்கள் வண்டி குறுக்காக நின்று ஆறு கார்களின் இடத்தை அடைத்துக்கொண்டது. இரவு பதினொன்றரை மணி இருக்கும். மஞ்சள் விளக்கு சுழலும் காவல் வண்டி வந்தது. காவலர் எங்களிடம் எல்லாம் வசதியா என்று விசாரித்தார், எதுவரை பயணம் என்று கேட்டார், நல்லிரவு சொன்னார். பிறகு நேரே மரத்தடியில் நின்ற பழைய காரிடம் போனார். அதன் கண்ணாடிகளைத் துண்டுகள் மறைத்திருந்தன. இரண்டு முறை தட்டினார். உள்ளே அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவரும் ஒரு நாயும் இருந்தார்கள். இங்கே இரவு தங்கக்கூடாது என்று காவலர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த மனிதர் வாதாடவில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். பலமுறை செய்து பழகிய கை அது. அவர் அடைத்திருந்தது ஒரே ஒரு காரின் இடம். நான் இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் அனுமதியும் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம்.

இந்தப் பாகுபாடு ஒரு காவலரின் குணக்கேடு என்று தள்ளிவிட முடியாது. வாகனத்தைக் குடியிருப்பாகப் பயன்படுத்தக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1983இல் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் வாசகப்படி ஆர்.வி.யில் உல்லாசப் பயணம் வருபவரும் குற்றவாளிதான், பிடிபட்டவர்களோ வீடற்றவர்கள். அது தெளிவற்றது, பாகுபாட்டுக்கு இடம்தருவது என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அதைச் செல்லாததாக்கியது. ஆனால் 2024 ஜூன் 28 அன்று கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், பொதுவிடத்தில் முகாமிட்டு உறங்குவோரைத் தண்டிப்பது அரசியல் சாசனம் தடுக்கும் கொடுந்தண்டனை ஆகாது என்று தீர்ப்பளித்தது. வீடற்றவரானாலும் விடுமுறைப் பயணியானாலும் அந்தச் சட்டம் ஒன்றுதான் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதங்களுள் ஒன்று. ஏழையும் பணக்காரனும் பாலத்தடியில் உறங்குவதைச் சட்டம் சமமாகத் தடுக்கிறது என்ற அனத்தோல் பிரான்ஸின் கிண்டல் நினைவுக்கு வராமல் போகாது. விடுமுறைப் பயணியாகிய எனக்கும் அந்தக் காரின் மனிதருக்கும் என்ன வித்தியாசம் என்பதை நான் யூட்டாவில் பார்த்துவிட்டேன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். கழிவுநீரைத் தரையில் திறந்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஓரிரவு என்று வந்து மாதக்கணக்கில் நின்றவர்கள் உண்டு. இலவசத்தோடு எப்படிப் போட்டியிடுவது என்று முகாம் உரிமையாளர்கள் கேட்பதிலும் பொருள் இருக்கிறது. சரி, விதி போடுங்கள். ஆனால் அந்த விதி நடத்தையைப் பார்க்கட்டும், வண்டியின் விலையைப் பார்க்க வேண்டாம். கழிவு கொட்டியவரை வெளியேற்றுங்கள். துண்டு கட்டியவரை ஏன் வெளியேற்றுகிறீர்கள்?

இது நடக்காத காரியமும் அல்ல. டெக்சாஸ் தன் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 24 மணி நேரம் வரை தங்க அனுமதிக்கிறது. கலிபோர்னியா எட்டு மணி நேரம் தருகிறது. சாண்டா பார்பராவில் 2004 முதல், வாகனத்தில் வாழ்பவர்களுக்கு இரவில் பாதுகாப்பான நிறுத்தம் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. உறக்கத்துக்கு ஆறடி இடம் தருவதைக் கடைக்காரரின் கருணைக்கு விட்டுவிடாமல், ஊர் தன் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி.

ஜெசிகா ப்ரூடரின் 'நோமட்லாண்ட்' நூலை, அல்லது 2021இல் ஆஸ்கர் வென்ற அதன் திரைவடிவத்தை, நம்மில் பலர் கண்கலங்கிப் பாராட்டினோம். அதே நாம் பயணக் கட்டுரை எழுத உட்காரும்போது பக்கத்துக் காரை மறந்துவிடுகிறோம். சத்திரத்தை உதாரணம் காட்டிய நண்பருக்கு ஒன்று சொல்வேன்: நம் சத்திரங்கள் பலவற்றிலும் சாதிக்கொரு பந்தி இருந்தது. உள்ளே உட்கார்ந்து உண்டவர்களுக்கு அது தர்மமாகத்தான் தெரிந்திருக்கும். அடுத்த முறை அந்த வியப்புப் பத்தியை எழுதுமுன், அன்றிரவு அங்கிருந்து கிளப்பப்பட்டவர் யார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.