அறம் மடத்துக்கு மட்டுமா?

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், சற்று உள்ளடங்கிய ஊர் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. தேர்தல் நேரத்துத் தேநீர்க்கடைப் பேச்சு ஒன்றை இந்த ஊரை வைத்தே மறுக்கலாம்: "சொன்னபடி நடப்பதெல்லாம் சாமியாருக்கு, அரசியல்வாதிக்குச் சாமர்த்தியம் போதும்."

சமணம் அப்படிப் பிரிக்கவில்லை. துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொருள் வரைதல் என்ற ஐந்தும் இருவருக்கும் உண்டு, அளவுதான் வேறு. கடைசி விரதம் கவனிக்கத்தக்கது. தனக்கு எவ்வளவு சொத்துப் போதும் என்று இல்லறத்தார் முன்கூட்டியே வரம்பு கட்டிக்கொள்கிறார். உச்ச நீதிமன்றத்தின் 2002 தீர்ப்புக்குப் பிறகு வேட்பாளர்கள் சொத்துக் கணக்கைத் தாக்கல் செய்கிறார்கள். அதில் இருப்பதைச் சொன்னால் போதும். போதும் என்ற வரம்பைச் சொல்லத் தேவையில்லை.

"நேர்மையாளரால் காரியம் நடக்காது" என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் அதே திண்டிவனம் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார், இன்றைய சொல்லில் முதல்வரானார். பதவியில் இருந்தது இரண்டே ஆண்டு. அதற்குள் ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் மூன்றும் நிறைவேறின. அதே ஆண்டு அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. நீண்ட காலம் ஆண்ட எத்தனை பேரிடம் இப்படி ஒரு பட்டியல் இருக்கும்?

ஆனால் அவர் பதவியில் நீடிக்கவில்லை என்பது உண்மை. சொந்தக் கட்சிக்காரர்களின் அதிருப்தியால் 1949 ஏப்ரலில் விலகினார். அவர் இடத்துக்குக் குமாரசாமி ராஜா வந்தார். எதிர்த்தரப்பு இதைத் தன் வெற்றியாகக் காட்டலாம். காட்டட்டும். போனது நாற்காலி, அந்த மூன்று சட்டங்களும் நின்றன.

"காமராஜரையே மக்கள் தோற்கடித்தார்களே" என்பவர்கள் 1967 விருதுநகரோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அரிசித் தட்டுப்பாடும் மொழிப் போராட்டமும் காங்கிரஸைக் கவிழ்த்த தேர்தல் அது. இரண்டே ஆண்டில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவர் வென்றார்.

இவற்றைவிடக் கெட்டிக்காரத்தனமான வாதம் ஒன்று உண்டு: "உறுதி என்பது பிடிவாதம், காலத்துக்கேற்ப மாற வேண்டாமா?" மாறலாம். ஆனால் கருத்தை மாற்றிக்கொள்வது வேறு, ஆதாயத்துக்காகக் கட்சி தாவுவது வேறு. பின்னதைத் தடுக்க 1985-இல் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. முன்னதற்கு ராஜாஜி சாட்சி. 1938-இல் பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், அறுபதுகளில் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதை எதிர்த்தார். தனக்குப் பதவி எதுவும் கிடைக்காத காலத்து மாற்றம் அது.

அவரே மதுவிலக்கில் அசையவில்லை. 1937-இல் சேலத்தில் அதைத் தொடங்கியவர், 1967-இல் தான் கூட்டணி சேர்ந்து ஆட்சியில் அமரத் துணைநின்ற தி.மு.க. 1971-இல் அதைத் தளர்த்தியபோது, 92 வயதில், வேண்டாம் என்று முறையிட்டார். ஆனாலும் மதுக்கடைகள் திறந்தன.