பிரிவு மாறப் போகிறாயா, நண்பா?



முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரத்தில் ஹாஸ்டல் வராந்தாவில் போய் நின்று பாருங்கள். "மச்சான், மெக்கானிக்கல் நமக்குச் சரிப்படாதுடா... கம்ப்யூட்டருக்கு மாறிடலாம்னு இருக்கேன்" என்று ஒருவன் ஆரம்பிப்பான். உடனே சுற்றியிருக்கும் நாலு பேர், "ஆமாண்டா, மாறிடு" என்பார்கள். ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். என் கோபமெல்லாம் அந்த நாலு பேர் மீதுதான்!

முதல் செமஸ்டரில் நாம் படித்தது என்ன? கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், டிராயிங்... பெரும்பாலும் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான பாடங்கள்தான். லேத் பக்கமே போகாதவன் மெக்கானிக்கல் பிடிக்கவில்லை என்றால், அவனுக்குப் பிடிக்காதது மெக்கானிக்கலா, கணக்கில் விழுந்த அரியரா? அரியர் எங்கே போனாலும் கூடவே வரும். பெண்டிங் மொமெண்ட் டயகிராமுக்குப் பயந்து சிவிலை விட்டு மெக்கானிக்கலுக்கு ஓடினால், அங்கேயும் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்ற பெயரில் அதே டயகிராம் உட்கார்ந்திருக்கும்!

அதற்காக மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்த பிறகுதான், தமக்கு வேண்டியது பொறியியல் என்று கண்டு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். சேர்க்கைப் பணத்துக்காக அவருடைய சகோதரி தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனோ 1976-ல் இயற்பியலில் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டு, உயிரியல் படிக்க சான் டியாகோவில் மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009-ல் அவருக்குக் கிடைத்தது வேதியியலுக்கான நோபல் பரிசு! இருவருமே முதலில் எடுத்த பாடத்தை முடித்துக்கொண்டுதான் மாறினார்கள். அதைக் கவனியுங்கள்.

"நம்ம வீட்டு நிலைமை வேறப்பா" என்பீர்கள். உண்மைதான். ஒரு வருடம் கூடினால் அப்பா இன்னொரு வருடம் வட்டி கட்ட வேண்டும், அடகு வைக்க நகை இருக்கிறதோ இல்லையோ! அதனால்தான் சொல்கிறேன், யோசனை கேட்டு வருபவனைச் சும்மா தலையாட்டி அனுப்பாதீர்கள். கம்ப்யூட்டர் வேண்டும் என்பவனை ஒரு 'சி' புரோகிராமில் தப்பு எங்கே என்று தேட வையுங்கள். பத்து நிமிஷத்தில் டீக்கடைக்குக் கிளம்பினால் விஷயம் தெரிந்துவிட்டது. சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தானா? ஆபீஸில் காலியிடம் உண்டா, விதி என்ன என்று நீங்களே கூடப் போய் விசாரித்துக் கொடுங்கள்.

மூன்றாம் வருடத்தில் வந்து கேட்பவர்களும் உண்டு! அவர்களிடம், "முதல்ல டிப்ளமோவை முடிடா" என்று சொல்லுங்கள். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடம் சேரும்போது எந்தெந்தப் பிரிவுக்குப் போகலாம் என்று அந்த வருடத்துக் கையேட்டைப் புரட்டி, அப்புறம் பேசிக்கொள்ளலாம்.